எந்த நேரத்து நிழல்?

கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் கட்டடத்துக்கு நிழல் விழுந்துவிடுகிறதாமே! மாதத்தைக் கொடுத்தால் மாதத்துக்குத் தகுந்த நிழல், மணியைக் கொடுத்தால் மணிக்குத் தகுந்த நிழல். போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்குக் காட்டினாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பார்த்துவிட்டு, "இது போய் யார் தலைமேல விழுது?" என்று கேட்டேன். அவள் திருதிருவென்று முழித்தாள். "அது சைட்டுக்கு வெளியே ஆன்ட்டி" என்றாள்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அறிவுரை சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும், எனக்கும்தான் வரும். அந்த 'சைட்டுக்கு வெளியே' பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். நடுவில் போனை நோண்டுகிறவர்கள் வெளியே போய் நோண்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளில் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு டிராயிங் ஆபீசில் நான் டிரேசர். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, இந்தியன் இங்க் என்கிற கறுப்பு மையில் கோடு இழுக்கிற வேலை. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். ஆபீசில் ஒரே பேரில் இரண்டு டிராஃப்ட்ஸ்மேன்கள் இருந்ததால், ஒருவரை ஊர்ப் பேரை வைத்துப் 'படாளம்' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அவருடைய சொந்தப் பேர் உங்களுக்கு எதற்கு? மனுஷன் எங்கேயோ பேரன் பேத்தியோடு நிம்மதியாக இருப்பார்.

கட்டடப் படங்களுக்கு நிழல் போடுவதில் அவர் கெட்டிக்காரர். அந்த நாளில் வெறும் கோட்டுப் படத்தைக் காட்டினால், கட்டச் சொன்ன பார்ட்டிக்கு ஒன்றும் புரியாது. நிழலைத் தீட்டினால்தான் எது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, எது உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். ஆபீஸ் அலமாரியில் மரத்தில் கடைந்த உருவங்கள் சில கிடந்தன. கனசதுரம், உருளை, கூம்பு, உருண்டை, நீளமான ஒரு பெட்டி. எல்லாரும் அவற்றைப் பேப்பர் பறக்காமலிருக்க வைப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விளையாடுவோம்.

"கண்ணை மூடுங்க வசந்தா. தரையில கூம்பு. அதுக்கு முன்னால உருளை. வெயிலு சாய்வா வருது. உருளையோட நெழலு எப்படிப் போவும்?"

கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். "தரையில நேரா போவும். கூம்பைத் தொட்டதும் வளைஞ்சு மேல ஏறும்."

"எந்தப் பக்கமா வளையும்?"

அங்கேதான் மாட்டிக்கொள்வேன். மூடிய கண்ணுக்குள்ளேயே அந்தக் கூம்பை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். வெயில் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு எது என்று தேடவேண்டும். அது கிடைத்துவிட்டால் நிழலின் ஓரம் கிடைத்துவிடும். பதில் சொன்னபிறகு கண்ணைத் திறந்து, மரக்கட்டைகளை வெயிலில் வைத்து சரிபார்ப்போம். தோற்றவர் மசால்வடை வாங்கித் தரவேண்டும். உச்சி வெயிலில் கூம்பை வைத்து நிழலைக் காணோம் என்று நான் தேடியதும், அது கூம்பின் அடிக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று அவர் சொல்லிச் சிரித்ததும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே தோற்று வடை வாங்கித் தருகிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மக்கு.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. சும்மா இல்லை, ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? என் வீட்டுக்காரர் இருந்தபோதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். "வடைக்கு மயங்கினவளா நீ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார், அவ்வளவுதான். நல்ல மனுஷர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றை ஒட்டி, மெட்ராஸ்காரர் ஒருவர் லாட்ஜ் கட்ட வந்தார். மூன்று மாடி. எல்லா அறையும் கடலைப் பார்த்தே இருக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் என்ஜினியர் சாரும் அதற்கேற்ப, கரையோடு கரையாகத் தெற்கு வடக்காக நீட்டி, தீப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினதுபோல ஒரு கட்டடம் போட்டார். அதற்கு நேர் மேற்கே ஒரு மணல் திட்டு. குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைக்கிற இடம். சைட்டுக்குப் போகிற பாதை குப்பத்தின் நடுவாகத்தான் போகிறது என்பதால், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வண்டி செங்கல்கூட உள்ளே போகாது. "உங்க மணல்ல ஒரு பிடிகூட எடுக்கமாட்டோம்" என்று லாட்ஜ்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். உண்மைதான், ஒரு பிடிகூட எடுக்கவில்லை.

இப்போது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் படங்களில் சூரியன் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பார்க்கிறவரின் இடது தோளுக்குப் பின்னால், மேலேயிருந்து சாய்வாக வரும். அதனால் நிழல் எப்போதும் வலது பக்கம் சாயும். ஊர் எதுவானாலும், மாதம் எதுவானாலும் அப்படித்தான். அளக்கச் சுலபம், பார்க்க அழகு. படாளமும் அப்படித்தான் தீட்டினார், நானும் அதன்மேல்தான் இங்க் போட்டேன். மனையின் படத்தில் வலது பக்கம் என்றால் கிழக்கு. அந்தக் கரையில் கிழக்கு என்றால் கடல். ஆகவே எங்கள் படத்தில் லாட்ஜின் நிழல் சமர்த்தாகக் கடற்கரையில் போய் விழுந்தது.

தை மாதம். கடைக்கால் மார்க் பண்ணக் காலையிலேயே போனோம். குப்பத்து ஆட்களுக்குக் காட்டவேண்டும் என்று சார் பெரிய கலர்ப் படத்தை எடுத்துவரச் சொல்லியிருந்தார். கடல் காற்றில் அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையில் நான், மறு முனையில் படாளம். சுற்றிலும் பெண்கள். முன்னால் நின்றவள் செங்கேணி. அந்தத் திட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"இந்தக் கருப்பு இன்னாது?" என்று விரலை வைத்தாள்.

"நிழலும்மா" என்றார் சார்.

"எங்காண்ட வராதுல்ல?"

"நீயே பாரேன். பூராவும் கடல் பக்கம்தானே விழுது?"

செங்கேணி குனிந்து பார்த்தாள். படித்தவர்கள் போட்ட படம், வேறென்ன சொல்வாள்? "அப்ப சர்தான், கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. சாமிக்குத் தேங்காய் எடுக்கப் போனார்கள்.

அப்போது படத்தைப் பிடித்திருந்த என் கை இழுபட்டது. படாளம் தன் முனையைத் தாழ்த்திவிட்டார். அவர் எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன். கடலுக்கு மேலே சூரியன். எங்கள் இரண்டு பேரின் நிழலும், நடுவில் அந்தப் படத்தின் நிழலும், நீளமாக மேற்கே போய், விரித்துப் போட்ட நெத்திலியின் மேல் கிடந்தன.

கடற்கரை ஓரத்தில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும், காலையில் சூரியன் கடலிலிருந்து வரும் என்று. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வருஷக்கணக்காகக் காகிதத்தில் சூரியனை ஓரிடத்தில் நிறுத்திவைத்துப் பழகிவிட்டதில், ஆகாயத்திலும் அது அங்கேதான் நிற்கிறது என்று ஆகிப்போயிருந்தது.

அவர் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கட்டடம் எழும்பின பிறகுதான் தெரிந்திருக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார். "இந்தப் படத்துல இருக்கிறது சாயங்கால நெழலு. காத்தால இவங்க மேலதான் வுழும்."

சாரின் முகம் சுண்டிப்போயிற்று. "யோவ், சும்மா இரு. ஆபீசுல பேசிக்கலாம்."

"இன்னா நைனா சொல்ற?" செங்கேணி திரும்பி வந்துவிட்டாள்.

படாளம் அவளிடம் வாயால் விளக்கவில்லை. படத்தைச் சுற்றிக் கொண்டுவந்த நீளப் பலகையை எடுத்துப் போய், கட்டடம் நிற்கப்போகிற மாதிரியே தெற்கு வடக்காக, நீளவாட்டில் மணலில் குத்தி நிறுத்தினார். பலகையின் நிழல் அகலமாகப் போய் நெத்திலியை மூடிக்கொண்டது. "இது பலகைம்மா. லாட்ஜு மூணு மாடி. இந்தத் திட்டு மொத்தமும் இப்படித்தான் இருக்கும்."

"எம்மா நேரத்துக்கு?"

"தை மாசத்துல வெயிலு மேல ஏறப் பத்து மணி ஆவும்மா."

"அடப்பாவி! பத்து மணி வரிக்கும் வெயிலு இல்லாட்டி நெத்திலி நாறிப்பூடுமேய்யா. அப்பால நாங்க இன்னாத்த துன்றது?" அவள் சாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நேரே போய்ப் பாதையின் நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செங்கல் ஏற்றிவந்த வண்டி அப்படியே நின்றுவிட்டது.

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சார் படாளத்திடம் சொன்னார்: "நாளைலேருந்து நீ ஆபீசுக்கு வர வேணாம்."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நான் முன் சீட்டில். திருக்கழுக்குன்றம் வந்தபோது மெதுவாகக் கேட்டார், "வசந்தா, மலையோட நெழலு இப்போ எந்தப் பக்கம் வுழுது, சொல்லுங்க பாக்கலாம்." எப்போதும் விளையாடுகிற விளையாட்டுதான். நான் அழுதுகொண்டிருந்தேன், திரும்பினால் பார்த்துவிடுவார் என்று அப்படியே இருந்தேன். செங்கல்பட்டில் இறங்கினதும் படாளம் போகிற பஸ் நின்றிருந்தது. ஏறும்போது சொன்னார், "அந்த மணல்ல காலை வெயிலு வுழுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. நான் சொன்னா இனிமே யாரு கேப்பாங்க?"

'நீங்க இல்லாம நான் எப்படி அந்த ஆபீசுல உக்காருவேன்' என்று சொல்ல நினைத்தேன். "பாக்கிறேன்" என்றேன்.

பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாக மொட்டை மாடிக்குப் போய் அந்த நீள மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் சீக்கிரம் வந்து பார்த்தேன், மாலையிலும் பார்த்தேன். விஷயம் என்னவோ சின்னதுதான். பெட்டியின் அகலப் பக்கம் கிழக்கைப் பார்த்தால் நிழல் போர்வை மாதிரி விழுகிறது. அதையே திருப்பி, குறுகின பக்கத்தைக் கிழக்கே வைத்தால் ஒல்லியாக ஒரு பட்டை மட்டும் விழுந்து, வெயில் ஏற ஏற நகர்ந்து போய்விடுகிறது. திட்டில் அந்தப் பட்டையை விட்டுவிட்டு மீதி இடத்தில் தாராளமாக மீன் காயப்போடலாம். கட்டடத்தைத் திருப்பவேண்டும், அவ்வளவுதான். ஆனால் திருப்பினால் எல்லா அறையும் கடலைப் பார்க்காது. அதை அந்த மனுஷனிடம் யார் சொல்வது?

லாட்ஜ்காரர் அந்த வாரமே ஆபீசுக்கு வந்துவிட்டார். போலீசைக் கூட்டிவந்து பெண்களை அப்புறப்படுத்தப் போவதாகச் சத்தம் போட்டார். செய்யக்கூடிய ஆள்தான். சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவர் மீனுக்காக ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தமாட்டார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. செங்கேணி பேரைச் சொன்னால் இன்னும் கொதிப்பார். ஆகவே மீனைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

"சார், அஞ்சு நிமிஷம் மாடிக்கு வரீங்களா? உங்க லாட்ஜைக் காட்டுறேன்" என்றேன். டிரேசர் பெண் குறுக்கே பேசுகிறாளே என்று என்ஜினியர் சார் முறைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவர் சாயங்காலம் வரப்போகிறார் என்று தெரிந்ததால், மாடியில் மத்தியானத்திலிருந்தே ஒரே மாதிரியான இரண்டு நீள பிஸ்கட் டின்களை வெயிலில் வைத்திருந்தேன். ஒன்று அகலப் பக்கம் மேற்கே பார்க்க, மற்றது குறுகின பக்கம் மேற்கே பார்க்க. வெயில் சாய்ந்து சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. "இது இப்போ போட்டிருக்கிற படம் சார். தொட்டுப் பாருங்க" என்றேன். அகலப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தவர், "அம்மாடி!" என்று கையை உதறிக்கொண்டார்.

"இது திருப்பி வெச்ச படம். ரூமெல்லாம் வரப்போற அகலப் பக்கத்தை, அதோ வடக்கால தொடுங்க."

தொட்டார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கடல் தெரியணும்னுதானேம்மா நான் பணத்தைக் கொட்டுறேன்?" என்றார், சுருதி இறங்கி.

"தெரியும் சார். பால்கனியைக் கொஞ்சம் நீட்டிட்டா பக்கவாட்டுல நல்லாவே தெரியும். மொதல்ல போட்ட படத்துல நேராவே தெரியும்தான். ஆனா மத்தியானத்துக்கு மேல உள்ள இருந்து பாக்க ஆள் இருக்கணுமே."

என்ஜினியர் சார் பின்னாலிருந்து, "நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்று ஒரு போடு போட்டார். போட்டுவிட்டுப் போகட்டும். லாட்ஜ்காரர் இறங்கிப்போகும்போது, "திருப்பிடுங்க" என்றார். அங்கேயே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் திரும்பி, 'ஜெயிச்சாச்சு, வடை வாங்குங்க' என்று சொல்ல ஆள் இல்லை.

உங்களுக்குத் தேவையான பாகம் இது, கேட்டுக்கொள்ளுங்கள். நியாயம் உன் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எதிரில் நிற்கிறவனுக்கு எது சுடும் என்று பார்த்து அதன்மேல் அவன் கையை வைக்கத் தெரியவேண்டும். அதற்கு முன்னால், ஊரறிய உண்மையைச் சொல்ல ஒருத்தர் வேண்டும். அவர் சொல்லியிருக்காவிட்டால் என் டின்னுக்கு வேலையே இல்லை. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை நான் போட்ட ஒவ்வொரு நிழலுக்குக் கீழேயும் எந்த மாதத்து நிழல், எந்த நேரத்து நிழல் என்று எழுதினேன். கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும்.

படாளத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சாரிடம் கேட்டேன். "அவன் வாயால நின்ன வேலைம்மா" என்று முடித்துவிட்டார்.

திருப்பிப் போட்ட மார்க்கைப் பார்த்ததும் பெண்கள் பாதையை விட்டார்கள். அஸ்திவாரம் திரும்பிய திசையைப் பார்த்த செங்கேணி, திருப்பினது யார் என்று விசாரித்துக்கொண்டு ஒரு நாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். தலையில் கூடை, கூடைக்குள் இரண்டு பொட்டலம். ஆபீஸ் முழுக்கக் கருவாட்டு வாசனை. சார் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். "இது உனுக்கு. இது அந்தப் படாளத்துத் தம்பிக்கு. நீயே குட்துடு. வெயிலு வுழுதுன்னு சொல்லு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை, வீட்டுக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, எதிர்த் திசையில் போகிற படாளம் பஸ்ஸில் ஏறினேன். பொட்டலத்தைக் காலடியில் வைத்திருந்தேன். "யாரும்மா அது கருவாடு?" என்று கண்டக்டர் கத்தினார், நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். வெயில் விழுகிறது என்று சொல்லவேண்டும். அப்புறம், அதை மட்டும் சொல்ல நான் வரவில்லை என்று சொல்லவேண்டும்.

படாளம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அவர் வீட்டு வாசலில் போய் நின்றால், யாரும்மா நீ என்று கேட்பார்கள். என்ன சொல்வேன்? கூட வேலை செய்கிறவள் என்றா? அவர்தான் வேலையில் இல்லையே. கண்டக்டர் விசிலடித்தார். நான் இறங்கவில்லை. மதுராந்தகம் வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பொட்டலத்தை வீட்டில் கொடுத்தேன். அம்மா வறுத்தாள், தம்பி தங்கைகள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

பிறகு அவர் பம்பாய்க்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். தான் எதற்காக வேலையை இழந்தாரோ அது நடந்தது என்று தெரியாமலே போயிருக்கிறார். ஒரே வார்த்தை, 'விழுது' என்று. அதை நான் சொல்லவில்லை. கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தார்கள், மாற்றி மாற்றிப் பல ஆபீசுகளில் வேலை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கேயாவது சாயங்கால வெயிலில் ஒரு கம்பத்தின் நிழல் சுவரில் மடங்கி ஏறுவதைப் பார்த்தால், பக்கத்தில் திரும்பிக் கேட்கத் தோன்றும். இன்றைக்கும் தோன்றுகிறது.

போன தை மாதம் என் பெண் காரில் மாமல்லபுரம் கூட்டிப்போனாள். விடிந்ததும் அந்தக் கரைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். லாட்ஜ் கைமாறி, பேர் மாறி, வேறு வண்ணத்தில் நிற்கிறது. திரும்பினபடியே நிற்கிறது. மேற்கே அந்த மணல் திட்டு முழுக்க வெயில். நெத்திலி வெள்ளி வெள்ளியாகக் கிடந்தது. செங்கேணி இப்போது இல்லை. அவள் மருமகள் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்ப்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா பாக்கற? வெயிலா?" என்று சிரித்தாள். "போன வருசம் ஒரு பெரியவரு இப்பிடித்தான் காலங்காத்தால வந்து நின்னுகினு இருந்தாரு. 'இங்க காத்தால வெயிலு வுழுதாம்மா'ன்னு கேட்டாரு. இன்னா பெர்சு, கண்ணு தெர்லயா, வுழுந்துகினுதானே கீதுன்னேன். அதுக்குச் சிரிக்கிறாரு, கண்ல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிறாரு. ரொம்ப நேரம் கட்டடத்தையே பாத்துகினு இருந்தாரு. இதை யாரு திருப்பினதுன்னு கேட்டாரு. எனுக்கு இன்னா தெரியும்? எங்க மாமியா சொல்லும், ஆபீசுல ஒரு பொண்ணுன்னு. அதைச் சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேட்கவேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் மீனைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெத்திலி என்ன விலை?" என்று கேட்டேன்.